இரண்டு தரம் கிண்டிய மலை

ரப்பர் தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட வேண்டுமென்றால் வேரைத் தோண்டி எடுத்தாக வேண்டும். மண்ணுக்குள் விட்டுவைத்த வேரில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அது புதுக் கன்றுக்குத் தாவும். அப்படி ஒரு தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வேலை வேர் தோண்டுவது ஒன்றுதான். மற்ற வேலைகளை அரைகுறையாகக் கற்று அரைகுறையாக விட்டேன். ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்தேன், காப்பிக் கடையில் கோப்பை கழுவினேன், லாரியில் கிளீனராக இருந்தேன். ஒரு மழைக்காலத்துக்கு மேல் எங்கும் தங்கியதில்லை.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் மட்டும் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அதிலும் ஒரே சரிவில், போர் முடிகிறவரை கிடந்தேன்.

நான் மலைக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல. அப்போது பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். ஒருநாள் ஆற்றில் மீன் பிடிக்கப் போய்விட்டுத் திரும்பினால் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆண்கள் யாரும் இல்லை. பெண்கள் வாசற்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. அரிசி கொடுப்பதாகச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றி சயாமுக்கு, ரயில் பாதை போடுகிற வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கையில் இருந்த மீனை அங்கிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு நடந்தேன். மலை மேலே திரிங்காப்புக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் சீனன் ஒருவனின் லாரி அங்கே நின்றது. அந்தக் காலத்தில் பெட்ரோல் ஏது? லாரியெல்லாம் கரியில்தான் ஓடியது. பின்னால் ஒரு பீப்பாய் கட்டி அதில் கரி போட்டு ஊத வேண்டும். நான் ஊதினேன். வளைவுகளில் இறங்கித் தள்ளினேன். பிரிஞ்சாங்குக்கு இந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசலில் என்னை இறக்கிவிட்டு, “இங்கே உன் ஆட்கள் இருக்கிறார்கள்” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனான்.

அங்கே கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். வயதானவர். சாக்கைத்தான் சட்டையாகத் தைத்துப் போட்டிருந்தார். அப்போது பாதிப் பேர் அப்படித்தான்.

“என்ன வேலை தெரியும்?”

“வேர் தோண்டுவேன்.”

“இங்க வேருக்கு ஒரு வேலையும் இல்ல. எல்லாம் மேல வெட்டுற வேலைதான். எத்தன நாளு இருப்ப?”

“மழ விட்டதும் போயிருவேன்.”

பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் அக்கா சிரித்தார். “இங்க மழ எப்ப விடும்னு எங்களுக்கே தெரியாதுலா” என்றார். தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி போல. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அந்தத் தம்பிக்குப் பக்கத்து நிரைதான் பிறகு எனக்குக் கிடைத்தது.

மலையிலிருந்து இறங்க ஒரே ரோடுதான். கீழ் வளைவொன்றில் சோதனைச் சாவடி இருந்தது. முத்திரை குத்திய துண்டுக் காகிதம் இல்லாதவனை அங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தப்பட்டவன் எங்கே போவான் என்று சொல்லத் தேவையில்லை. மற்ற மூன்று பக்கமும் காடு. வந்த புதிதில் ஒரு தடவை காட்டு வழியாக இறங்கிப் பார்த்தேன். போனேன், போனேன், கடைசியில் ஒரு சரிவில் தேயிலை தெரிந்தது. வேறு தோட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று சந்தோஷமாக ஏறினால் அது எங்கள் லயத்தின் பின்பக்கம். காலெல்லாம் அட்டை. அந்த அக்கா சுண்ணாம்பு தடவிவிட்டார். ஏன் போனாய், எங்கே போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளைக்காரத் துரைகள் எல்லாம் சிறைக்குப் போயிருந்தார்கள். தோட்டத்தை ஒரு ஜப்பான்காரன் பார்த்துக்கொண்டான். போருக்கு முன்னால் எங்கோ மர வியாபாரத்தில் இருந்தவனாம். மரத்தைக் கண்டால் தட்டிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான். அதனால் அவனுக்கு மரத்தொரை என்று பேர். தேயிலையைப் பற்றி அவனுக்குக் கொஞ்சமும் தெரியாது. குடிப்பான், அவ்வளவுதான். எங்களோடு உடைந்த மலாயில் பேசுவான், நாங்கள் அவனைத் துவான், அதாவது ஐயா, என்று கூப்பிட வேண்டும். கங்காணி அதைத் தமிழில் சொல்வார்.

ஒருநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கூட்டி எண்ணுகிற நேரத்தில், மரத்தொரை புது வேலை சொன்னான். ஆற்றோரச் சரிவில் உள்ள மலையைச் சுத்தம் செய்ய வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு நிலப் பகுதியையும் மலை என்றுதான் சொல்வார்கள். அந்த மலையில் ஆள் போதாமல் கொழுந்தெடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. இடுப்பளவு நின்ற செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து பூத்துக் காய்த்துக் கிடந்தன. முதலில் நிழல் மரங்களைச் சாய்த்துக் கரி போட வேண்டும். பிறகு தேயிலை. எல்லாவற்றையும் அகற்றிவிட்டு மரவள்ளி நட வேண்டும். சொல்லி முடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான். கங்காணி அதை உடனே தமிழில் சொல்லவில்லை. மரத்தொரை போன பிறகுதான் சொன்னார்.

“இந்த மல முடிஞ்சா இத்தன ஆளு தேவையில்லையாம். கல்யாணம் ஆகாதவன் எல்லாம் கீழ எறங்கணுமாம்.”

மலையில் ‘கீழே போவது’ என்றால் முன்பெல்லாம் நல்ல விஷயம். தீபாவளிக்குத் துணி எடுக்க, கிறிஸ்துமஸுக்கு மாவு வாங்க, கல்யாணத்துக்குச் சொல்ல என்று கீழே போவார்கள். அந்தக் காலையில் அந்தச் சொல் கெட்டுப்போயிற்று. கீழே என்றால் சயாம். அடுத்த தோட்டத்திலிருந்து கீழே போனவர்களில் ஒருவரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை.

கல்யாணம் ஆகாதவர்கள் என்றால் அக்காவின் தம்பி, நான், இன்னும் கொஞ்சம் இளவட்டங்கள். வெட்ட வேண்டிய மரம் இருக்கிற வரைதான் எங்களுக்கு மலை.

மெதுவாக வெட்டிப் பார்த்தோம். மரத்தொரை ஒருவனை மட்டும் கூப்பிட்டு, வெட்டிய கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெயில் சாய்கிறவரை நிற்க வைத்தான். பிறகு யாரும் மெதுவாக வெட்டவில்லை.

நிழல் மரங்கள் சாய்ந்தன. கரி மூட்டங்கள் புகைந்தன. பிறகு தேயிலைக்கு வந்தோம். ஆளுக்கொரு அகல நிரை பிரித்துக் கொடுத்தார் கங்காணி. என் கையில் சங்கோல் இருந்தது. மண்வெட்டியை மலாய்க்காரர்கள் போல நாங்களும் அப்படித்தான் சொல்வோம். நான் முதல் செடியின் மேல்பாகத்தைத் தறித்துவிட்டு அடியைச் சுற்றித் தோண்டத் தொடங்கினேன். தேயிலை வேர் பொல்லாதது. ஆணிவேர் என் இடுப்பாழம் போயிற்று. அதை அறுத்து எடுப்பதற்குள் பக்கத்து நிரைக்காரரான அக்காவின் தம்பி நான்கைந்து செடியை முடித்துவிட்டு எனக்கு முன்னால் நின்றார்.

அவர் வெட்டியதைப் பார்க்க வேண்டும். கவ்வாத்துக் கத்தியால், அதாவது செடியை ஒடுக்கி வெட்டுகிற வளைந்த கத்தியால், ஒரே வீச்சு. வெட்டு சாய்வாக, மேட்டுப் பக்கம் பார்த்து, தண்ணீர் தேங்காமல், நார் தொங்காமல் இருக்கும். வெட்டிய பிறகு கட்டையில் படிந்த பாசியைக் கையால் ஒரு தடவு. பிறகு அடுத்த செடி.

“டேய் ரப்பரு, என்னடா பன்னி மாதிரி கிண்டுற? உள்ள கெழங்கு கெடக்கா?”

“வேர எடுக்க வேணாமாண்ணே?”

“வேர எடுத்து என்ன செய்யப் போற, சாம்பார் வைக்கவா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கங்காணியிடம் போய்க் கேட்டேன். அவருக்கும் எரிச்சல்.

“தொரை என்னா சொன்னான்? ‘போத்தோங்’னான். போத்தோங்னா வெட்டு. வெட்டுறாங்க. ஒனக்கு என்னா?”

அவர் சொன்னது சரிதான். மலாயில் போத்தோங் என்றால் வெட்டு. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தேயிலையை வெட்டுவது என்றால் கவ்வாத்து வெட்டுவதுதான். அவர்கள் தகப்பன்மார் வெட்டியதும் அதுதான். தேயிலையைக் கொல்வதற்காக வெட்டுவது என்று ஒன்று இருப்பதாக அந்தக் கைகளுக்குத் தெரியாது. வேலை செய்தது மரத்தொரைக்காக. கத்தி பிடித்த விதம் செடிக்காக. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நான் அங்கே நின்று பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

மற்றவர்கள் முடித்து உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்த நாட்களில் நான் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மலை முழுக்கச் சாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே நறுக்கிய கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. என் நிரையில் மட்டும் வெறும் மண். மரத்தொரை ரோட்டிலிருந்தே எட்டிப் பார்த்தான். மூடுபனியில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். தலையாட்டினான். மரவள்ளிக் குச்சிகளை நட்டோம். வேர் பிடித்ததும் வந்து பார்த்து ஆள் பிரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். மழை பிடித்துக்கொண்டது. நடுவில் அவன் லாரியோடு வந்தாலும் ரோட்டோரத்தில் கரி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். வழுக்குகிற சரிவில் இறங்க மாட்டான்.

முதலில் பார்த்தது அந்த அக்காதான். சாமியிடம் வேண்டிக்கொள்வது போல ஒரு கட்டையின் முன் குந்தியிருந்தார். கட்டையைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகத் துளிர். அடுத்த கட்டையிலும். அதற்கடுத்ததிலும். மரவள்ளிக் குச்சி சாண் அளவு எழும்புவதற்குள் தேயிலை அதை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தது.

கங்காணி வந்து பார்த்தார். வாயில் கை வைத்தார். “வேணும்னே செஞ்சோம்னு சொல்லுவான்டா. தலைய எடுத்துருவான்.”

அன்று மத்தியானமே பெண்கள் கூடையோடு இறங்கினார்கள். துளிரையெல்லாம் கிள்ளிவிட்டால் கட்டை வெறும் கட்டையாகத் தெரியும் என்பது யோசனை. பாட்டுப் பாடிக்கொண்டு எடுத்தார்கள். வெகுநாள் கழித்து நல்ல கொழுந்து. எண்ணெய் டின்னைப் பிளந்து அடுப்பில் வைத்து வறுத்தார்கள். சீனி இல்லை, பாலும் இல்லை. ஆனால் அந்த வாரம் லயத்தில் எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர். நானும் குடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல தேத்தண்ணீர் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

கிள்ளிய இடத்தில் ஒன்றுக்கு மூன்றாக வந்தது. பின்னே வராமல் இருக்குமா? பிறந்தது முதல் அவர்கள் செய்ததே அதுதானே, கிள்ளக் கிள்ள வளர்ப்பது! இரண்டாம் தடவையும் கிள்ளினார்கள். மேசைபோலச் சமமாகப் படர்ந்துவிட்டது. அக்காவின் தம்பிதான் முதலில் சிரித்தார்.

“அக்கா, இன்னும் ஒரு தடவ எடுத்தீங்கன்னா பேக்டரிய தொறந்துறலாம்.”

“போடா. கண்ணு முன்னாடி கொழுந்து நிக்குது, கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

கரிக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் கங்காணி அந்தப் பேச்சை எடுத்தார். 

“மல முடிஞ்சாத்தானே கீழ எறக்குவான்? முடியலயே.”

கூரையில் மழைச் சத்தம் கூடியதும் கங்காணி குரலை உயர்த்தினார்.

“தேயில அப்பிடித்தான் துவான், வெட்டுனா சாகாது, வேரோட எடுக்கணும், அதுக்கு எல்லா ஆளும் வேணும்னு சொல்லுவோம். அவனுக்குத் தெரியவா போகுது? நாலு அற விழும். வாங்கிக்குவோம்.”

“அப்ப இனிமே கிள்ள வேணாம்” என்றார் அக்கா. தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தார்.

எல்லோர் முகமும் கொஞ்சம் தெளிந்தது. தம்பிக்காரரின் முகம் மட்டும் தெளியவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரப்பரோட நெர?”

அப்போதுதான் எல்லோரும் கொட்டகை வாசலுக்கு வந்து சரிவைப் பார்த்தார்கள். பச்சைக் கம்பளத்தில் நடுவகிடு எடுத்தது போல என் நிரை. அதில் மரவள்ளி மட்டும் தோள் உயரத்துக்கு நின்றது. ஒரு துளிர் இல்லை. தேயிலை சாகாது என்று சொன்னால் இது எப்படிச் செத்தது என்று கேட்பான். அதே மலை, அதே மண், அதே நாட்கள். ஒருவனால் முடிந்தது மற்றவர்களால் முடியவில்லை என்றால், மற்றவர்கள் வேண்டுமென்றே விட்டார்கள் என்றுதான் அர்த்தம். மலையை ஒழுங்காகச் சுத்தம் செய்தவன் நான் ஒருவன்தான். அதனாலேயே எல்லோருடைய கழுத்துக்கும் கயிறு.

“ஒழுங்கா வேல செய்யாதடான்னு அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் தம்பிக்காரர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. எங்கே ஓடுவது? காடு என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதைச் சொன்னேனே.

வழி சொன்னது அக்கா. ஆற்றங்கரையில் பழைய நாற்றுமேடை இருந்தது. துரைமார் இருந்தபோது விதை போட்டு வளர்த்த கன்றுகள். நடாமலே விட்டுப்போனதால் இடுப்பளவுக்கு முற்றி நின்றன. அவற்றைப் பிடுங்கி, மேல்பாகத்தை நறுக்கிக் கட்டையாக நட்டால் பிடிக்கும். புது மலை போடும்போது அப்படி நடுவது வழக்கம்தானாம்.

மறுநாள் முதல் நான் தோண்டி எடுத்த குழிகளிலேயே தேயிலையைத் திரும்ப நட்டோம். என் வாழ்நாளில் எடுத்ததைத் திரும்ப வைத்தது அந்த ஒரு தடவைதான். நிரையில் இருந்த மரவள்ளியையும் பாதிக்கு ஒடித்துவிட்டோம், மற்ற நிரைகளில் போலச் சோகையாகத் தெரியட்டும் என்று. அக்கா ஒவ்வொரு கட்டையையும் மண்ணில் இறக்கி, குதிகாலால் மிதித்து, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். நான் நட்டதை இழுத்தால் வந்தது. திட்டிவிட்டு மறுபடி அவரே நட்டார்.

“எடுக்க மட்டும்தான் தெரியும் ஒனக்கு. வைக்கத் தெரியாது.”

“பிடிக்குமாக்கா?”

“மழ விடாம இருந்தாப் பிடிக்கும். நீ மழ விடணும்னு வேண்டிக்காத.”

மழை விடவில்லை. துளிர் வந்தது. முதல் துளிரைப் பார்த்த அன்று தம்பிக்காரர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். வலித்தது.

மரத்தொரை ஒரு காலையில் வந்துவிட்டான். அன்று வெயில் அடித்தது. லாரி ரோட்டில் நின்றது. அதில் துப்பாக்கியோடு இரண்டு பேர். அவன் பூட்ஸோடு சரிவில் இறங்கினான். நாங்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்கினோம். அவன் பச்சையைப் பார்த்தான். கங்காணியைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் முதல் அறை விட்டான். கங்காணியின் தலைப்பாகை விழுந்தது. அவர் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார்: இது தேயிலை, துவான், வெட்டினால் சாகாது, வேரைத் தோண்ட வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும்.

மரத்தொரை நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. நிரைகளுக்குள் நடந்தான். ஒரு கட்டையைத் தட்டினான், மோந்தான். நேராக என் நிரைக்கு வந்து நின்றான். ஏன் அங்கே வந்தான் என்று கேட்டால் என்ன சொல்வது? அங்கே மண் கொஞ்சம் மிருதுவாக இருந்ததால் பூட்ஸ் வழுக்காமல் நின்றிருக்கலாம். குனிந்து ஒரு கட்டையைப் பிடித்து இழுத்தான்.

வந்துவிட்டது. காரட் கிழங்கு மாதிரி, மண்ணோடு அவன் கையில் வந்துவிட்டது.

இன்னொன்றை இழுத்தான். அதுவும் வந்தது. அவன் முகம் மலர்ந்தது. “செனாங்!” என்றான். சுலபம். கையாலேயே பிடுங்கிவிடலாமே, இதற்கு எதற்கு இத்தனை ஆள், ஒரு வாரத்தில் பெண்களே பிடுங்கி முடித்துவிடுவார்களே என்று சிரித்துக்கொண்டே சொன்னான். ரோட்டில் நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தான். அக்கா தன் தம்பியின் சட்டை நுனியைப் பிடித்தார். சாக்குச் சட்டை. அந்தக் கை எனக்கு இப்போதும் தெரிகிறது.

மரத்தொரை பக்கத்து நிரையிலும் ஒன்றைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் எழுந்து உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு இரண்டு நிரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது யாருடையது?” என்று என் நிரையைக் காட்டிக் கேட்டான்.

“என்னுடையது, துவான்.” நானே மலாயில் சொன்னேன். ஊர் ஊராகச் சுற்றியதில் மலாய் எனக்குக் கங்காணியைவிட நன்றாக வரும்.

“இது ஏன் வருகிறது, அது ஏன் வரவில்லை?”

என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

“நான் ரப்பர்காரன், துவான். நான் அப்போதே வேரைத் தோண்டி அறுத்துவிட்டேன். அதனால்தான் சுலபமாக வருகிறது. ஆனால் தோண்டிய பிறகும் முளைத்துவிட்டது. மண்ணுக்குள் மிஞ்சிய நாரிலிருந்து வருகிறது. ஒரு தரம் தோண்டினால் போதாது. இரண்டு தரம் தோண்ட வேண்டும்.”

தேயிலை வேர் நாரிலிருந்து அப்படி முளைக்காது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

மரத்தொரை என் கன்னத்தில் அறைந்தான், இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று. பிறகு இன்னொரு அறை, எதற்கென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு உத்தரவு போட்டான். எல்லோரும் எல்லா நிரையையும் வேரோடு தோண்ட வேண்டும். முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து தோண்ட வேண்டும். இந்த ரப்பர்காரன் குழி குழியாகப் பார்க்க வேண்டும். ஒரு துளிர் தெரிந்தால் இவன் தலை போகும்.

லாரியில் கரி மூட்டைகளை மட்டும் ஏற்றினார்கள். ஆனால் அது ஆள் இல்லாமல் கீழே போகவில்லை. வழியில் இன்னொரு தோட்டத்தில் நின்றது என்று பிறகு கேள்விப்பட்டோம். அங்கேயும் கல்யாணம் ஆகாதவர்கள் இருந்திருப்பார்கள். அதைப் பற்றி லயத்தில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அப்புறம் தோண்டினோம். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகள் சங்கோல் பிடித்துக் கொப்பளித்தன. இடுப்பாழக் குழியில் நின்றால் சுற்றிலும் மண்தான் தெரியும். வெளியே ஏறினால் மூடுபனி. மரவள்ளியையும் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டி, திரும்ப நட்டோம். அந்தக் குளிரில் அது விரல் தடிமனுக்கு மேல் பருக்கவில்லை. அதைத்தான் அவித்துத் தின்றோம்.

“டேய் ரப்பரு, ஒரு தரம்னு சொல்லிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்?” தம்பிக்காரர் ஒவ்வொரு நாளும் இதைக் கேட்பார்.

“மூணு தரம்னுதாண்ணே சொல்ல வந்தேன்.”

“சொல்லிருப்ப. ஒனக்கென்ன, பன்னிக்குப் பொறந்தவன்.”

மரத்தொரை வரும்போதெல்லாம் பெரட்டில் முதலில் என்னைத்தான் தேடுவான். ‘ஓராங் காலி’ என்று கூப்பிடுவான். தோண்டுகிறவன் என்று அர்த்தம். என்னைக் கண்டால் மலையைப் பார்க்காமலே போய்விடுவான். என் முகம் இருந்தால் அவனுக்கு வேலை நடக்கிற மாதிரி.

ஒருநாள் ரோட்டோரத்தில் நின்றபோது, என்னை முதலில் ஏற்றி வந்த சீன லாரிக்காரன் நிறுத்தினான். முட்டைக்கோஸ் கூடைகளைத் தாடையால் காட்டினான். அடியில் ஒரு ஆள் படுக்க இடம் இருந்தது. ஈப்போ பக்கம் அவன் மச்சான் கீரை போடுகிறானாம், ஆள் தேவையாம். சோதனைச் சாவடியில் அன்றைக்குத் தெரிந்தவன் நிற்கிறானாம்.

நான் ஒரு காலைச் சக்கரத்தின் மேல் வைத்தேன். அது உண்மை. பிறகு யோசித்தேன். நாளைக்கு மரத்தொரை வருவான். ஓராங் காலி எங்கே என்பான். இல்லை என்று தெரிந்தால் மலைக்குள் இறங்குவான். குழிகளைப் பார்ப்பான். யாரையாவது கேட்பான். அந்த நிரையில் நாற்றுமேடைக் கட்டைகள் எப்படி வந்தன என்பதை அடி தாங்காமல் யாராவது சொல்வார்கள். கங்காணி கிழவர்.

காலை எடுத்துக்கொண்டேன். லாரிக்காரன் காறித் துப்பிவிட்டுப் போனான். அன்று முழுதும் எனக்கு எல்லோர் மேலும் கோபம். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ரகசியமாக வறுத்தது. நான் குடிக்கவில்லை. ஆறிய பிறகு குடித்தேன்.

முதல் தோண்டல் முடிந்தது. இரண்டாவதைத் தொடங்கினோம். செத்த மண்ணைத் தோண்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, ஒரு அர்த்தமும் இல்லை. வெறும் குழியை வெட்டி வெறும் குழியாக மூடுவோம். துளிர் ஒன்றும் இல்லை. இரண்டு தரம் தோண்டினால்தான் சாகும் என்பது சரிதான் என்று மரத்தொரை கங்காணியிடம் என்னைப் புகழ்ந்தானாம்.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று யாரோ ரோட்டிலிருந்து கத்தியபோது நான் என் பழைய நிரையில் நின்றேன். மரத்தொரையை அதற்கு முன் கொஞ்ச நாளாகவே காணவில்லை. பக்கத்து நிரைக்காரர் சங்கோலை அப்படியே போட்டார். குழியிலிருந்து ஏறி என்னைப் பார்த்தார்.

“இன்னும் என்னடா கிண்டுற? ஏறி வா.”

பாதி வெட்டிய குழியை விட்டுவிட்டு ஏறினேன். இரண்டு தரம் கிண்டிய அந்த மலை வெறும் செம்மண்ணாகக் கிடந்தது.

கீழே போகிற முதல் லாரியில் நான் இடம் பிடித்தேன். இந்தத் தடவை காகிதமும் யாரும் கேட்கவில்லை. கங்காணி கையைத் தூக்கினார். தம்பிக்காரர் என் மூட்டையை லாரிக்குள் எறிந்துவிட்டு, அடுத்த தோட்டத்திலாவது வேலையை ஒழுங்காகச் செய்து தொலைக்காதே என்றார். அக்கா தலையில் சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு லாரி ஓரம் வந்து நின்றார்.

“மழ விட்டதும் போறேன்னு சொன்னியே. இப்பத்தான் விட்டுச்சா?”

நான் மூட்டையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். லாரி வளைவு திரும்புகிறவரை அவர் அங்கேயே நின்றார். மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது.